பைக்குள் இருந்த ரிமோட்

“மாமாவை ஏமாத்தச் சொல்றியாக்கா?”

“ஏமாத்தலைடா. அவர் ஓட்டற மாதிரி நிக்கட்டும். நீ ஓட்டிடு.”

சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தம்பியிடம் இதைச் சொன்னாள் அவள்.

ஹாலில் அவள் கணவர் ரிமோட்டில் பறக்கும் பெரிய ஃபோம் ஜெட் விமானம் ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கட்டில் சைஸ் அட்டைப்பெட்டியில் அது வந்து இறங்கியதிலிருந்து வீட்டில் உட்கார இடமில்லை. சோபாவில் இறக்கை, சாப்பாட்டு மேஜையில் வால், கதவுக் கைப்பிடியில்கூட பசை.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். இரண்டு குச்சிகளைப் பிடித்துக்கொண்டு, லாரி கனமுள்ள பெட்டிகளைக் கப்பலில் அலுங்காமல் இறக்கி வைத்த கைகள். போன வருஷம் வந்த பக்கவாதம் வலது கையைப் பாதி முடக்கிவிட்டது. வேலையும் போனது. காலையில் சட்டைப் பட்டன் போட்டுவிடுவதிலிருந்து எல்லாமே அவள்தான்.

“அந்தக் கை பட்டனையே பிடிக்காது, விமானத்தையா பிடிக்கப் போகுது? அது விழுந்து சுக்குநூறானா இவரும் கூடவே விழுந்துடுவாருடா. அப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார்.”

தம்பி ரிமோட் விமானங்களில் பழம் தின்று கொட்டை போட்டவன்.

“என் ரிமோட்டையும் அவரோடதையும் சேர்த்து வைக்கலாம். கத்துக்கறவங்களுக்காகவே இருக்கற ஏற்பாடு அது. ஒரு சுவிட்சைத் தட்டினா விமானம் என் கைக்கு வந்துடும். ஆபத்துன்னா மட்டும் தட்டறேன்.”

“ஆபத்து வர்ற வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? கிளம்பறப்பவே தட்டிடு.”

தம்பி தலையைச் சொறிந்தான். அக்காவிடம் முடியாது என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை.

“சரிக்கா.”

அவள் ஹாலுக்கு வந்தபோது கிரேன்காரர் இறக்கைக்கு அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் கொடுத்து விமானத்தைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். வால் பக்கம் சாய்ந்தது. கீழே வைத்து, பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார். மறுபடி தூக்கினார். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றது.

“இப்படி நிக்கணும். வால் கனத்தா கதை கந்தல்.”

வலது விரல் நடுங்க, விமானமும் நடுங்கியது. அவள் ஓடிப்போய்த் தாங்கிக்கொண்டாள்.

“விடும்மா. விழாது.”

அவள் விடவில்லை. “இந்த அக்கறையை மருந்து சாப்பிடறதுல காட்டுங்க. எந்நேரமும் கம்ப்யூட்டர்ல விமான விளையாட்டு வேற. சின்னப் புள்ளையா நீங்க?”

அவர் சிரித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை. ஊருக்கு வெளியே, பாதியில் நின்றுபோன ஒரு தார்ச்சாலை.

கிரேன்காரர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு குச்சியை வலப்பக்கம் சாய்த்தார். வலது இறக்கையின் ஓரத்திலிருந்த மடல் கீழே இறங்கியது.

“மச்சான், ஒயரை மாத்திச் சொருகியிருக்கே. வலதுன்னா வலது மடல் மேலே வரணும். இப்படியே கிளம்பியிருந்தா குட்டிக்கரணம்தான்.”

தம்பி அசடு வழிய மாற்றிச் சொருகினான். பிறகு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் தள்ளிப் போய் நின்றான். பைக்குள் கைகளை விட்டுக்கொண்டான். அவளைப் பார்த்துத் தலையாட்டினான்.

ஜெட் சீறிக்கொண்டு ஓடியது. எழும்பியது.

அவள் கணவரைப் பார்க்கவே இல்லை. தம்பியையும் அந்தப் பையையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு திருப்பத்தில் காற்று தள்ளியது, இறக்கை திடீரென்று சாய்ந்தது. “டேய்!” என்று பல்லைக் கடித்தாள். விமானம் நிமிர்ந்துகொண்டது. என் தங்கமே என்று தம்பியை மனதுக்குள் கொஞ்சினாள்.

அதற்குப் பிறகு பயம் போய்விட்டது. அண்ணாந்து பார்த்தாள். அழகாகத்தான் பறந்தது.

ஒரு குதி குதித்து ஜெட் சாலையில் இறங்கி நின்றபோது கிரேன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பார்த்தியா?”

“பார்த்தேங்க. பிரமாதம்!” பொய் சொல்கிறோமே என்று அவளுக்கு நாக்கு குழறியது.

அவர் விமானத்தை எடுத்துவர நடந்ததும் அவள் தம்பியிடம் ஓடினாள்.

“நல்லா இருப்பேடா நீ. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியவே இல்லை!”

தம்பி பையை நீட்டினான். ரிமோட்டை வெளியே எடுத்தாள். கனமே இல்லை. திருப்பிப் பார்த்தாள். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது.

“என்னடா இது?”

“மாமாதான் காலையிலயே கழட்டி வாங்கி வச்சுக்கிட்டாரு. நீ என்கிட்ட வந்து கேட்பேன்னு அவருக்கு முன்னாடியே தெரியும்க்கா. ‘கேட்டா சரின்னு சொல்லிடு மச்சான். அப்பதான் உங்கக்கா பயப்படாம வானத்தைப் பார்ப்பா’ன்னாரு.”

“அப்போ ஓட்டினது?”

“அவரேதான். கம்ப்யூட்டர்ல அவர் விளையாடலைக்கா, பழகினாரு. கை நடுங்கினாலும் விமானம் நடுங்காத மாதிரி, குச்சி கொஞ்சம் அசைஞ்சா அது கண்டுக்காத மாதிரி, அவரே பார்த்துப் பார்த்து ரிமோட்டைச் சரிபண்ணி வச்சிருக்காரு.”

தூரத்தில் கிரேன்காரர் விமானத்தை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு வந்துகொண்டிருந்தார். காலையில் அவள் போட்டுவிட்ட சட்டை காற்றில் படபடத்தது.

அவளுக்குச் சட்டென்று ஒரு சந்தேகம்.

“தம்பி... அப்போ அந்தச் சட்டைப் பட்டன்?”

தம்பி வேறு பக்கம் பார்த்தான்.

“அது ரொம்ப நாளாவே அவரால முடியும்க்கா. நீ போட்டுவிடற அந்த நேரத்துல மட்டும்தான் உன் முகத்துல பயமே இருக்காதாம்.”