சாவியை மறந்த கார்

சர்புன்னிசாவின் விரல்களில் தஸ்பீஹ் மணிகள் உருண்டுகொண்டே இருந்தன. போர்டிகோவில் நின்ற காரையும், அதன் முன்னால் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த மெக்கானிக் ஆண்டனிராஜையும் மாறி மாறிப் பார்த்தாள். உதடுகள் ஓயாமல் முணுமுணுத்தன.

"கவலைப்படாதீங்கம்மா. நான் கை வச்சு கெளம்பாத வண்டி இந்தத் திண்டுக்கல்லுலயே இல்ல," என்றான் ஆண்டனிராஜ். அதைக் கேட்டதும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பாவம், அம்மாவுக்கு இந்தக் கார் மேல் அவ்வளவு பாசம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

அவள் கணவர் சௌகத் அலியின் கார் பத்து நாளாக நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. சாவியைத் திருகினால் டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு மினுங்கும், எஞ்சின் பிடிக்காது. திருட்டைத் தடுக்கிற பூட்டு சாவியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, வீட்டில் இருக்கும் இன்னொரு சாவியைக் கொடுங்கள் என்று கேட்டார்கள் ஷோரூம்காரர்கள். அந்தச் சாவியோ பீரோவைத் தலைகீழாகக் கவிழ்த்தும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை கீரனூரில் சௌகத் அலியின் தம்பி மகளுக்கு நிக்காஹ். சொந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு போய் மண்டபத்து வாசலில் இறங்குவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார் மனிதர்.

"பஸ்ஸுல போயிருவோமேங்க. ஒட்டன்சத்திரத்துல மாறுனா ஆச்சு."

"தோல் மண்டி சௌகத் அலி பஸ்ஸுல நசுங்கிக்கிட்டு வந்தான்னு ஊரு பேசணுமா?"

"அப்ப ஒரு வாடகைக் காராவது..."

"நீ செத்த நேரம் சும்மா இருக்கியா?"

ஆண்டனிராஜ் பானெட்டுக்குள்ளிருந்து ஒரு சப்பையான பெட்டியைக் கழற்றி மேசையில் வைத்தான். மூடியைத் திறந்து, மெல்லிய ஒயர்களால் லேப்டாப்போடு கோத்தான்.

"சாவியப் பிரிச்சுப் பாக்க வேணாமா தம்பி?" என்றார் சௌகத் அலி.

"சாவிய நோண்டிக்கிட்டு இருக்குறதெல்லாம் வேலை கத்துக்கிற பயலுக செய்யிறது பாய். நான் நேரா மூளைக்கே போயிருவேன். இதான் எஞ்சினோட மூளை. 'நீ நம்ம வீட்டுச் சாவிதானா'ன்னு இது ஒவ்வொரு தடவையும் கேக்கும். அந்தக் கேள்வியவே அழிச்சுட்டா சோலி முடிஞ்சுச்சு. அப்பறம் எந்தச் சாவியப் போட்டாலும் கெளம்பும்."

சர்புன்னிசாவின் விரல்கள் நின்றன. "அப்பிடிச் செஞ்சுட்டா, அப்பறம் இந்த வண்டிய நிறுத்தவே முடியாதா தம்பி?"

"பிரேக்குன்னு ஒண்ணு இருக்கேம்மா," என்று சிரித்தான் ஆண்டனிராஜ். சௌகத் அலியும் சேர்ந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"டீ போட்டுருக்கேன், உள்ள வந்து குடிச்சிட்டுப் போங்களேன்," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து.

"வேலை முடியட்டும்மா."

"ஆறிப் போயிரும் தம்பி. ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க."

"அதான் வேலை முடியட்டும்னு சொல்றான்ல," என்று அதட்டினார் சௌகத் அலி. மெக்கானிக்கின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவர், காலையிலிருந்து அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை. டீயை அவளே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள்.

மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரத்துக்கு வேலை முடிந்தது. பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டு, "ஏறி உக்காருங்க பாய், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க," என்றான் ஆண்டனிராஜ்.

சௌகத் அலி பிஸ்மி சொல்லிச் சாவியைத் திருகினார். "தம்பி, செவப்பு லைட்டு இன்னும் மினுங்குதா, நின்னுருச்சா?"

"நின்னுருச்சு பாய்."

எஞ்சின் ஒரே பிடியில் உறுமியது. சௌகத் அலிக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. ஷோரூம்காரர்களால் முடியாததை மூன்று மணி நேரத்தில் முடித்துவிட்ட ஆண்டனிராஜுக்கோ பெருமை பிடிபடவில்லை. வாசல்படியில் நின்ற சர்புன்னிசா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏறு தம்பி, பைபாஸ் வரைக்கும் ஒரு விரட்டு விரட்டிட்டு வருவோம்."

ஆண்டனிராஜ் சந்தோஷமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தான். சௌகத் அலி ஆக்சிலேட்டரை மிதித்து எஞ்சினை அலறவிட்டு ரசித்துக்கொண்டிருந்தபோது, சர்புன்னிசா வேகவேகமாக அவன் பக்கத்து ஜன்னலுக்கு வந்தாள். எதையோ எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள்.

அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக, ஒரு சிப். சாவியின் தலைக்குள் இருக்க வேண்டியது. அது இருந்திருந்தால் இந்தக் காரில் ஒரு கோளாறும் இல்லை என்பது அவனுக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது.

"இது எப்பிடிம்மா உங்க கையில?"

"நான்தான் சாவிய நெம்பி எடுத்தேன். இன்னொரு சாவியும் எங்கிட்டதான் இருக்கு. வீட்டு விஷயத்த வெளிய சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

கார் குலுங்கிக்கொண்டு தெருவை நோக்கி நகர்ந்தது. அவளும் ஜன்னலைப் பிடித்தபடி கூடவே நாலு எட்டு ஓடி வந்தாள்.

"எதுத்தாப்புல வண்டி வந்தா சத்தம் குடுங்க தம்பி, அவருக்குக் கண்ணு தெரியாது."