ஆறு சதவீதம்

மடிக்கணினிக்குப் பின்னால் நின்ற ஷைனிக்குக் கால் ஓரிடத்தில் நிலைகொள்ளவில்லை.

கடல்நீர் அமிலமாகி வருவது பற்றி அரசுக்கு யோசனை சொல்லும் குழு, காணொளியில் கூடியிருந்தது. திண்டுக்கல் கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் இருந்து அதில் கலந்துகொண்டவர், ஓய்வுபெற்ற பேராசிரியர் ஆரோக்கியதாஸ். அவர் பெயரைக் குழுவுக்குச் சொன்னதே, அவரிடம் படித்து இப்போது அங்கே பாடம் நடத்தும் ஷைனிதான்.

"கடலே இல்லாத ஊர்ல இருந்து கடலுக்கு வைத்தியம்" என்று ஆய்வக உதவியாளர் மலைச்சாமி காலையிலிருந்தே ஓட்டிக்கொண்டிருந்தார்.

நம் தென்கடலில் பத்தாண்டுக்கு எவ்வளவு அமிலம் கூடுகிறது? குழுவின் தலைவியான அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒன்பது நிபுணர்களும் ஆறு சதவீதம் என்றார்கள். அவ்வளவுதான் என்றால் கடற்கரையில் புதிதாக அளவீட்டு நிலையங்கள் தேவையில்லை என்று அரசுக்கு எழுதிவிடலாம். சாயங்காலத்துக்குள் கையெழுத்தாகிவிடும் என்றார் தலைவி.

பத்தாவது ஆள் ஆரோக்கியதாஸ்.

"எனக்குத் தெரியாது மேடம்."

ஷைனி அவசரமாக ஆறு விரல்களைக் காட்டினாள். அவர் பார்த்தார். பார்க்காதவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ரிட்டையர் ஆனதோட படிக்கிறதையும் விட்டுட்டாரு போல." மைக்கை மூட மறந்த ஒரு நிபுணர் பக்கத்தில் யாரிடமோ சொன்னது, ஆய்வகம் முழுக்கக் கேட்டது. திரையில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

மலைச்சாமியே தாங்கமுடியாமல் அருகில் வந்தார்.

"ஏம்மா, செத்த நேரம் நெட்டைப் பிடுங்கி விடவா? லைன் போச்சுன்னு சொல்லிக்கலாம்."

வேண்டாம் என்று தலையாட்ட ஷைனிக்குச் சற்று நேரம் பிடித்தது.

தலைவி பொறுமை இழந்துவிட்டார். "எல்லாப் புத்தகத்துலயும் இருக்கிற எண் சார் இது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமப் போச்சு?"

ஆரோக்கியதாஸ் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"தூத்துக்குடியில பிடிச்ச கடல் தண்ணி, பஸ்ஸுல திண்டுக்கல் வந்து சேர்றதுக்குள்ள வெயில்ல கெட்டுப்போச்சு மேடம். டாக்டர் பட்டம் போயிருமேன்னு பயந்து அதை மறைச்சு, குத்துமதிப்பா ஆறுன்னு முதன்முதல்ல எழுதினவன் நான்தான்."