பெயர் மறைத்த அறிக்கை

"ரெண்டே பக்கம்தாண்டா! என் இருபது வருஷத்தைக் காலி பண்ணிட்டான், எவனோ ஒரு மகராஜன்!"

கேளம்பாக்கம் டீக்கடையில் தேசிகன் காகிதங்களை நீட்டினார். எதிரே இருந்த ஞானதாஸ் அவற்றைத் தொடாமல் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒரே கல்லூரியில் தத்துவப் பேராசிரியர்கள். முப்பது வருட நண்பர்கள். தேசிகனின் ஊர் திருவிடந்தை. கல்யாண வரம் கேட்டு எங்கெங்கிருந்தோ அந்த ஊர்க் கோயிலுக்கு வருகிறார்கள். கோயிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரரான இவரோ கல்யாணத்தையே மறந்து, கிரேக்க அகராதியோடு குடித்தனம் நடத்தினார். சொல்லித்தர ஆளில்லாமல் தானே கற்ற மொழி. அவர் வகுப்பில் நாலு பேர்தான் இருப்பார்கள். நாற்பது பேருக்கான பாடத்தை நடத்துவார். பஸ்ஸில் நின்றுகொண்டே அரிஸ்டாட்டிலை மூலத்தில் படிக்கிற மனிதர் இந்தக் கடற்கரையில் வேறு யார் இருக்கிறார்கள்?

அடுத்த மாதம் ஓய்வு. ஆதாயம் இல்லாத நட்பை அரிஸ்டாட்டிலே நம்பவில்லை என்பது அவர் வாதம். அதைப் புத்தகமாக்கிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவது என்றிருந்தார். முதலில் அதைக் கட்டுரையாக ஒரு வெளிநாட்டு ஆய்விதழுக்கு அனுப்பினார். எழுதியவர் பெயரை மறைத்து, வேறொரு அறிஞரைப் படிக்கச் சொல்வது அவர்கள் வழக்கம். படித்தவர் யாரென்று எழுதியவருக்கும் சொல்லமாட்டார்கள்.

படித்தவர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார்.

"கேளு. 'அரிஸ்டாட்டில் நட்பைப் பற்றிப் பேசும் ஒன்பதாம் பாகத்தைக் கட்டுரையாளர் பாதியிலேயே மூடிவைத்துவிட்டார் போலும்.' எப்படிக் குட்டறான் பாரு!"

"வுடு மச்சான். அவனுக்கு இன்னா தெரியும்? வேற பத்திரிகைக்கு அனுப்பு."

"தெரிஞ்சிருக்கேடா! மறுபடி படிச்சுப் பார்த்தேன். அவன் சொல்றதுதான் சரி. புத்தகம் போட வேண்டாம்னு பதிப்பகத்துக்குக் காலைல போன் பண்ணிச் சொல்லிட்டேன்."

ஞானதாஸ் பதறிப்போனார். "அவசரப்பட்டுட்டியே! எத்தினி வருஷ உழைப்பு!"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படிடா அச்சடிக்கறது?"

பஸ் டிக்கெட்டைக் கசக்கிப் போடுகிற மாதிரி சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவரை ஏமாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று ஞானதாசை வெட்கம் பிடுங்கித் தின்றது. முப்பது வருட நட்பு இதோடு முறிந்தாலும் சரி, சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

"தேசிகா... அத எழுதினது நான்தான். கட்டுரைல ரெண்டாவது பக்கத்துலயே உன்னுதுன்னு தெரிஞ்சிபோச்சு. மூஞ்சிக்கு நேரா சொல்ல எனுக்கு தெகிரியம் இல்ல. பேரு வராதேன்னு எழுதிட்டேன். மன்னிச்சுக்கோடா."

தேசிகன் மிச்ச டீயை நிதானமாகக் குடித்துவிட்டு கிளாசைக் கீழே வைத்தார்.

"இருபது வருஷமா நான் எதைக் காட்டினாலும், என் மனசு நோகக் கூடாதுன்னு 'சூப்பர் மச்சான்'னே. பேரை மறைச்சாத்தான் நீ உண்மையைச் சொல்லுவேன்னு தோணித்து. யாரைப் படிக்கச் சொல்லலாம்னு பத்திரிகைல என்னைக் கேட்டப்போ, உன் பேரைக் குடுத்தவனே நான்தாண்டா!"