நூறாவது லெவல்

“இதைப் போய் ரிப்பேர் பண்ணணுமா? தூக்கிப் போட்டுடுங்கம்மா. விளையாடற அளவுக்கு இதுல ஒண்ணும் இல்ல.”

மெக்கானிக் அந்தக் கேசட்டைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினார். பழைய வீடியோ கேம்களைப் பழுதுபார்க்கும் கடை அது. எவ்வளவு உடைந்து வந்தாலும் ‘வெச்சுட்டுப் போங்க, பாக்கறேன்’ என்பதுதான் அவர் வழக்கம். இன்று ஏனோ முதல் முறையாக மறுத்தார்.

வந்தவள் பார்சல் ஆபீஸ் சீருடையிலேயே இருந்தாள். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்திருக்கிறாள்.

“நீங்க விளையாடியிருக்கீங்களா சார்?”

“ம். கிடங்குல பெட்டியைத் தள்ளித் தள்ளி அதது இடத்துல வைக்கணும். அவ்வளவுதான். படமும் அழகில்ல, பாட்டும் இல்ல. வித்ததே நூறோ எரநூறோ கேசட்தான்.”

“எங்க வீட்டுக்காரரும் இதையேதான் சொல்றார். ஆபீஸ்ல தள்ளுற பெட்டி பத்தாதா, வீட்டுலயும் ஓவர்டைமான்னு.” சிரித்தாள். பிறகு சிரிப்பு மெல்ல அடங்கியது. “ஆறு வருஷம் சார். தொண்ணூத்தொம்பது லெவலுக்கு ஒரே வருஷம். நூறாவதுக்கு மட்டும் அஞ்சு வருஷம். நேத்து இன்னும் நாலே தள்ளு பாக்கி, படம் போயிடுச்சு. முடிச்சா என்ன வரும்னு ஒரே ஒரு தடவை பாத்துட்டாப் போதும் எனக்கு.”

மெக்கானிக் நிமிர்ந்தார்.

“நூறாவதை முடிக்க முடியாது.”

“யார் சொன்னா?”

அவர் கேசட்டைத் தன் பக்கம் இழுத்தார். திருகாணிகளைக் கழற்றி, உள்ளே களிம்பேறிக் கிடந்த செப்புப் பற்களை ஸ்பிரிட்டில் துடைத்து, கன்சோலில் செருகி, டிவியோடு இணைத்தார். படம் வந்தது.

நேரே நூறாவதுக்குப் போகும் எண்களை அவள் மனப்பாடமாக அழுத்தினாள்.

பத்துப் பெட்டிகள் மளமளவென்று அதனதன் இடத்தில் உட்கார்ந்தன. பதினோராவது மட்டும் நடுச்சந்தில், போக வழியின்றி நின்றது.

“இங்கதான் மாட்டிக்கும்,” என்றார். “நானும் வருஷக்கணக்கா முட்டிப் பாத்தவன்தான்.”

“எங்க வேன்ல கடைசி பார்சல் ஏறலைன்னா அதைப் போட்டுத் திணிக்க மாட்டோம் சார். முதல்ல ஏத்தினதை இறக்குவோம்.”

சரியாக உட்கார்ந்திருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகக் கலைக்க ஆரம்பித்தாள். மெக்கானிக் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். திரையில், கிடங்குக்குள் வந்த வாசலையே ஒரு பெட்டியால் அடைத்தாள். அடைத்த பிறகுதான் எதிர்ப்பக்கம் ஒரு இடுக்கு பிறந்தது. அதன் வழியே ஒன்று நகர, அந்த இடத்துக்கு இன்னொன்று வந்தது. எத்தனையோ முறை பார்த்துச் சலித்த அதே சிறிய கட்டங்கள்; அவற்றுக்குள் இவ்வளவு இடம் எங்கே ஒளிந்திருந்தது? அவருக்கு மூச்சுவிடக்கூடத் தோன்றவில்லை.

பதினோராவது பெட்டி போய் உட்கார்ந்தது.

திரை கறுத்தது. இருவரும் காத்திருந்தார்கள். ஒரு நிமிடம். இரண்டு நிமிடம்.

“மறுபடியும் படம் போயிடுச்சா சார்?”

“இல்லம்மா. கேசட் நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப இவ்வளவுதானா? சபாஷ்னு ஒரு வார்த்தைகூட வராதா?”

மெக்கானிக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இதைச் செஞ்சப்ப கம்பெனியில நூறு லெவல் கேட்டாங்க, என்கிட்ட தொண்ணூத்தொம்பதுதான் இருந்துச்சு. கடைசி நாள் கைக்கு வந்தபடி பெட்டியைப் போட்டு அனுப்பிட்டேன். இதுக்கு வழியே கிடையாதுன்னு நெனச்சு, முடிச்சா என்ன வரணும்னு நான் எழுதவே இல்லம்மா.”