உண்மை பேசும் கட்சிக்காரர்

"உன் பக்கம் தப்பே இல்லைங்கறே. தப்பே பண்ணாதவங்களுக்கு வக்கீல் எதுக்கும்மா? எழுந்து போ."

வக்கீல் அந்தப் பெண்ணின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. காலைத் தபாலில் வந்த தாள்களைக் குமாஸ்தா ஒவ்வொன்றாகப் புரட்ட, கடகடவென்று கையெழுத்துப் போட்டபடியே கதவைக் காட்டினார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள்.

ஆறு மாதமாக இந்தக் கூத்துதான். முதலீட்டில் போட்ட பணமே இனி ஆயுசுக்கும் உட்காரவைத்துச் சோறு போடும் என்று தெரிந்த நாளிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. மூன்று ஜூனியர்களை வீட்டுக்கு அனுப்பினார், ஃபைல் அலமாரிகளைத் தூக்கிவிட்டு மீன் தொட்டி வைத்தார், தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கமாட்டேன் என்றார்.

அதோடு விட்டாரா? உண்மையை ஒப்புக்கொள்கிறவனுக்கு மட்டும்தான் வாதாடுவாராம். இருபத்தெட்டு வருஷம் பொய்யிலேயே வளர்த்த தொப்பையைத் தடவிக்கொண்டு அவர் இதைச் சொல்லும்போது, கேட்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கும்.

அடுத்து வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். காலர் வியர்வையில் நனைந்திருந்தது. யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றபடியே பேசினார்.

"சார், உங்ககிட்ட ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போகணும்னு வந்தேன். ஒருத்தரோட சேமிப்பை மொத்தமா அழிச்சுட்டேன்."

வக்கீலின் பேனா நின்றது. ஆறு மாதத்தில் இப்படி ஒருவன் அகப்பட்டதே இல்லை.

"உட்காருய்யா! நீயே பண்ணினியா?"

"நானேதான் சார். முதலீட்டுக் கம்பெனியில வேலை. அவர் பணத்தை எடுத்து என் இஷ்டத்துக்கு விளையாடினேன், ஒரு பைசா மிஞ்சலை. எந்தக் கம்பெனின்னா..."

"அது கிடக்கட்டும்." வக்கீல் குமாஸ்தாவைப் பார்த்து விரலைச் சொடுக்கினார். "யோவ், வக்காலத்து எடுத்துட்டு வா. இவர்தான் நம்ம கட்சிக்காரர்!"

"ஐயோ, நான் கேஸ் கொடுக்க வரலை சார். அவருக்கு இது தெரிஞ்சாகணும். சொல்லாம எனக்குச் சாப்பாடே இறங்கலை."

"சாப்பாடு தன்னால இறங்கும். அவன் கையெழுத்து இல்லாம பணம் எப்படிய்யா வெளியே போச்சு?"

"அவரேதான் போட்டார். நாங்க அனுப்பற தாளை அவர் படிக்கறதே இல்லை சார். எனக்கு அதிகாரம் தர்ற மாதிரி ஒரு பக்கத்தை நடுவுல சொருகினேன். அதுவும் கையெழுத்தாகி வந்துடுச்சு."

வக்கீல் தொப்பை குலுங்கச் சிரித்தார்.

"படிக்காதவனா?"

"ரொம்பப் படிச்சவர் சார்."

"அப்ப இன்னும் வசதி! படிச்ச முட்டாளைக் கூண்டுல ஏத்தி, 'ஏன்யா, உனக்குக் கண்ணு தெரியாதா, எழுத்து தெரியாதா'ன்னு ரெண்டே கேள்வி கேட்பேன். ஜட்ஜே சிரிச்சுடுவார். இந்த மாதிரி மடையனுக்கெல்லாம் பணம் எதுக்கு? நீ எடுத்தது தப்பே இல்லைய்யா!"

உண்மைக்கு மட்டும் வாதாடுகிற மகானின் பேச்சு இது. குமாஸ்தா மீன் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்படிச் சொல்லாதீங்க சார்" என்றார் வந்தவர்.

"சும்மா இரு. அவன் முந்தறதுக்குள்ள நாமளே ஒரு நோட்டீஸ் விட்டு மிரட்டி வெச்சுடலாம்." வக்கீல் பேனாவைத் திறந்து வெள்ளைத் தாளை இழுத்தார். "சொல்லு, அந்த ஏமாளியோட பேர் என்ன?"

வந்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வாசல்ல உங்க போர்டுல இருக்கற பேர்தான் சார்."