ஒன்பதாம் எண்

அன்று நல்லேப்பிள்ளி கிராமத்தில், மாரப்பன் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐவர்: மாரப்பன், அவர் மனைவி பூவாத்தாள், தம்பி குப்பண்ணன், குப்பண்ணனின் மனைவி காளியாத்தாள், மாரப்பனின் ஒரே மகள் மருதாத்தாள். வெளியார் எவரும் இல்லை. விசாரணை மருதாத்தாளைப் பற்றியது.

அவள் சென்னையில் சட்டமும் குற்றவியலும் சேர்த்துப் படிப்பவள். தேர்வுக்கு முந்தைய விடுமுறைக்கு வந்த ஒரு மாதத்தில், நோட்டுப் புத்தகமும் கையுமாக ஊரில் பன்னிரண்டு வீடுகளுக்குப் போய் ஏதேதோ கேட்டு எழுதிக்கொண்டாள். முந்தாநாள் சப்ளை ஆபீஸ் அதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். நேராகக் குப்பண்ணனின் வைக்கோற்போரைப் பிரித்தார்கள். அரசுக்கு அளக்காமல் அதன் அடியில் அவர் ஒளித்திருந்த லெவி நெல் முழுவதும் போயிற்று.

"அந்தக் களத்துல நாலு போர் இருக்குதுங்கண்ணா. மூணைத் தொடவே இல்ல. நேரா என்ற போருக்கு வந்தான். யாரும் கை காட்டாம வருவானா?" என்றார் குப்பண்ணன்.

"நான் காட்டலீங்க சித்தப்பா," என்றாள் மருதாத்தாள். "ஒரு மாசமா மயிலும் கோழியும் உங்க போரைத்தான் சுத்துது. மத்த மூணுகிட்ட ஒண்ணையும் காணோம். ஆபீசர் ரோட்டுல இருந்தே பாத்திருப்பாரு."

"கேட்டீங்களாண்ணா? ரெண்டு படிப்பு ஒண்ணாப் படிக்கறா. ஒண்ணு புடிச்சுக் குடுக்க, இன்னொண்ணு மாட்டாம இருக்க!"

மாரப்பன் சிரிக்கவில்லை.

"அம்மிணி, அந்த நோட்டுல என்ன எழுதியிருக்கறே?"

"பிடிபடாத தப்புங்கப்பா. யாரு பண்ணுனாங்கன்னு சட்டம் கேக்கும். ஏன் பண்ணுனாங்கன்னு கேக்கறது இந்தப் படிப்பு. பேர் எழுத மாட்டேன், ஊர்ல யார்கிட்டவும் காட்ட மாட்டேன்னு சொல்லித்தான் கேட்டேன்."

"யார்கிட்டவும் காட்டாத நோட்டு எதுக்கு சாமி?" என்றாள் பூவாத்தாள்.

"காலேஜுல குடுக்கறதுக்கும்மா."

"ஆக, மேலே அனுப்பறாளாம். கேட்டுக்குங்க," என்றார் குப்பண்ணன்.

மாரப்பன் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி இருக்குது. நோட்டைக் குடுத்தா பஸ்ஸு. இல்லீன்னா உன்ற படிப்பு இன்னியோட முடிஞ்சுது."

வருகிற வியாழக்கிழமை அவளுக்கு இறுதித் தேர்வு. அது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"குடுக்க மாட்டேனுங்கப்பா."

குப்பண்ணன் எழுந்து வந்து அவள் மடியிலிருந்து நோட்டைப் பிடுங்கிக்கொண்டார். மாரப்பனுக்குக் கையெழுத்துப் போட மட்டுமே வரும். பத்திரமானாலும் கடிதமானாலும் தம்பி படித்துச் சொல்வதே அந்த வீட்டு வழக்கம். குப்பண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"எண் ஒன்று. கள்ளில் தண்ணீர் கலந்து விற்றேன். குடிக்கிறவன் உடம்புக்கு அதுதானே நல்லது?"

"எண் நான்கு. செத்துப்போன மாமியார் பேரை ரேஷன் கார்டிலிருந்து எடுக்கவில்லை. உயிரோடு இருந்தவரை என்னை ஒரு வாய் நிம்மதியாகத் தின்னவிடவில்லை. இப்போது அவள் பேரில் சர்க்கரை வருகிறது."

பூவாத்தாள் சிரித்துவிட்டாள்.

"அட, இது நம்ம மேக்கால ஊட்டு…"

"பேர் வேண்டாம்மா!"

எட்டாம் எண் வரை வந்தாயிற்று. லெவியும் இல்லை, வைக்கோற்போரும் இல்லை. குப்பண்ணனின் குரலில் சுருதி இறங்கியிருந்தது.

"எட்டோட நிறுத்திக்குங்க சித்தப்பா," என்றாள் மருதாத்தாள். அதுவரை தடுமாறாத குரல் அப்போது தடுமாறியது.

"ஏன்? ஒம்பதுல என்ன?"

"போதுமுங்க. புள்ளகிட்ட நோட்டைக் குடுத்துருங்க," என்று காளியாத்தாளும் எழுந்தாள்.

"நீ எதுக்குடி பரிஞ்சுக்கிட்டு வர்றே? அண்ணா, பாத்துக்குங்க. சமாச்சாரம் இங்கதான் இருக்குது. சிக்கிட்டா!"

பக்கத்தைப் புரட்டினார்.

"எண் ஒன்பது," என்று முன்னைவிட உரக்கத் தொடங்கினார். குரல் அங்கேயே நின்றது.

நோட்டில் இருந்தது இதுதான்: 'என் வீட்டுக்காரர், அவருடைய அண்ணன் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் ஆறு வாரம் கிடந்தபோது, வயலின் எல்லைக்கல்லைப் பிடுங்கி அண்ணன் பக்கம் ஏழடி தள்ளி நட்டார். தெரிந்தும் நான் வாய் திறக்கவில்லை. அது என் குற்றம். ஏன் என்றால், அந்த அண்ணன் தம்பியை அவ்வளவு நம்புகிறார். தெரிந்தால் தாங்கமாட்டார்.'

"என்னடா நின்னுட்டே? சப்ளை ஆபீசுக்கு எழுதியிருக்கறாளா?" என்றார் மாரப்பன்.

குப்பண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். காளியாத்தாள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாரப்பன் மகள் பக்கம் திரும்பினார்.

"அவன் படிக்கலீன்னா நீ சொல்லு. அதுல என்ன இருக்குது?"

"சொல்ல மாட்டேனுங்கப்பா. படிப்பு போனாப் போகுது."

"நெசமாத்தான் சொல்றியா?"

"நெசமாத்தானுங்க."

குப்பண்ணன் நோட்டை மூடி மருதாத்தாளின் கையில் வைத்தார். பிறகு, அண்ணன் முகத்தை ஏறிட்டுப் பார்க்காமல், அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு, பஸ் நிற்கும் இடத்தை நோக்கி வெளியே நடந்தார்.