இரண்டு தட்டு

சமையலறைக் குழாயை மூடும்போதெல்லாம் சுவருக்குள் யாரோ இரண்டு முறை தட்டினார்கள். டொக், டொக். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பிளம்பர் முதலில் வாஷரை மாற்றினார், பிறகு குழாயையே மாற்றினார். தட்டு நிற்கவில்லை. "கோளாறு குழாய்ல இல்லம்மா, உங்க காதுல" என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பின் போனையே எடுப்பதில்லை. அம்மா இப்போது பின்வாசல் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் சுமக்கிறாள்.

கடல்சார் பள்ளியில் கப்பல் மெக்கானிக் பயிற்சியை முடித்துவிட்டு மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். கை கழுவிக் குழாயை மூடினாள். டொக், டொக். அவளுடைய ஈரக் கை சட்டென்று போய், தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிக் கதவைத் திறந்துவிட்டது.

"பாத்தியா, நீயே பதறிட்ட" என்றாள் அம்மா. "உங்கப்பாதாண்டி அது."

அப்பாவும் கப்பல் மெக்கானிக்தான். கப்பலின் அடியில், விசிறியைச் சுழற்றும் தண்டு ஓடுகிற ஒடுக்கமான அறையில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது தண்ணீர் புகுந்துவிட்டது. கடைசியாக உள்ளேயிருந்து இரண்டு தட்டு கேட்டதாம். துக்கத்துக்கு வந்த கப்பல் நண்பர் சொன்னார். எதற்குத் தட்டினார் என்று அம்மா கேட்டபோது, அவர் செருப்பைத் தேடுவதுபோல் வாசலுக்குப் போய்விட்டார்.

"நீ கப்பலுக்குப் போக வேணாம். இந்தப் படிப்புக்குக் கரையில வேலையே கிடையாதா?"

"இருக்கும்மா. கப்பல் கட்டற இடம், மின் நிலையம், எங்க வேணா எடுத்துக்குவாங்க. ஆனா முதல்ல கேக்கறதே, 'கடல்ல எத்தனை வருஷம் இன்ஜின் பாத்த?'ன்னுதான். நீச்சல் கத்துக்கிட்ட அப்புறம்தான் தண்ணியில இறங்குவேன்னா நடக்குமா?"

"வாய் மட்டும் அப்படியே அப்பா."

மகள் ஸ்க்ரூடிரைவரின் முனையைக் குழாயில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டாள். இன்ஜினுக்கு நாடி பார்ப்பதும் இப்படித்தான். குழாயைத் திறந்தாள், மூடினாள், அலமாரிக்குள் தலையை விட்டாள். சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"பஸ் சடன் பிரேக் போட்டா நாம முன்னாடி போய் விழறோம்ல? ஓடற தண்ணியும் அப்படித்தான். படக்குன்னு மூடினா முட்டும். இங்க குழாயைப் பிடிச்சிருக்கற கிளாம்ப் லூசாயிடுச்சு. அதனால குழாய் ஆடிச் சுவத்துல இடிக்குது, திரும்பி வந்து இன்னொரு இடி. ஒரு திருகு திருகினா நின்னுடும்."

அம்மா சிரிக்கவில்லை.

"சரி, இது குழாய். அவரு? அவரு எதுக்கு ரெண்டு தட்டினாரு? என்னைக் கூப்பிட்டாரா? அது தெரியாம உன்னை எப்படிடி அனுப்புவேன்?"

மகள் ஸ்பேனரோடு மறுபடி அலமாரிக்குள் தலையை விட்டாள். குரல் மட்டும் வந்தது.

"அந்த அறைக்குள்ள ஆள் போனா, கதவை வெளியிலேர்ந்து சாத்திடுவாங்கம்மா. தண்ணி புகுந்தா மத்த இடத்துக்கும் பரவக் கூடாதுன்னு. இன்ஜின் இரைச்சல்ல பேச்சு கேக்காது. தட்டறதுதான் பேச்சு. ரெண்டு தட்டுன்னா, 'நான் நல்லா இருக்கேன், கவலைப்படாத'ன்னு அர்த்தம். எங்களுக்கு முதல் பாடமே அதுதான்."

அம்மா குழாயடிக்கு வந்து, தானே திறந்து, தானே மூடினாள்.

டொக், டொக்.

"நல்லா இருக்காராம்" என்றாள். புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அந்தக் கிளாம்பை இறுக்காத. அப்படியே இருக்கட்டும்."

அன்றைக்கே பரணிலிருந்து மகளின் பெட்டியை இறக்கித் தூசி தட்டி வைத்தாள்.

கப்பலில் மகளுக்குக் கிடைத்த முதல் வேலை, தண்டு அறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்பது. எல்லோரும் 'நெட்டை' என்று கூப்பிடும் மெக்கானிக் உள்ளே போக முதுகை வளைத்தவர், ஒரு கணம் நின்று திரும்பினார்.

"புதுசு, பாடம் ஞாபகம் இருக்கா? ஒரு தட்டு தட்டினா?"

"நல்லா இருக்கேன்."

"ரெண்டு?"

அவள் கை கதவின் பிடியை விட்டு நகரவில்லை.

"கதவைத் திற."